தறிக்கு அருகே ஒரு கணிப்பொறி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



‘குறைந்த செலவில் வீட்டிலேயே ஒரு கற்கும் கணிப்பொறி’ என்று நான் தலைப்புக் கொடுத்தபோது, அமைப்பாளர்களில் ஒருவர், “கவியரங்கத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே இது எடுபடுமா?” என்று கேட்டார். எடுபடும் என்றே நம்புகிறேன். நெசவூரில் நின்றுகொண்டு கணிப்பொறியைப் பற்றிப் பேசுகிறவன் புதிதாக எதையும் கொண்டுவந்துவிடவில்லை. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ழக்கார் என்பவர் உருவாக்கிய பெட்டியைத்தான் நாம் ஜக்கார்டு என்று தறிக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறோம். அட்டையில் துளை இருந்தால் இழை எழும்பும். துளை இல்லையென்றால் எழும்பாது. இந்த ‘உண்டு, இல்லை’ என்னும் இரண்டே சொற்களால் பூவும் மயிலும் மாங்காயும் சேலை முந்தியில் பிறக்கின்றன. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு இந்த அட்டையையே கடன் வாங்கினார். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஹொலரித் துளையட்டைகளால் எண்ணி முடித்தார். கணிப்பொறியின் கொள்ளுப்பாட்டன் தறிக்குழிக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தான். பூச்சியமும் ஒன்றுமாக அது எழுதுகிறது என்பார்கள். அந்தப் பூச்சியத்துக்குச் சுழி என்றும் ஒரு பெயர் உண்டு. ஊர்ப் பெயரிலேயே சுழியை வைத்திருக்கும் திருச்சுழிக்காரர்களுக்கு நான் அதைக் கற்பிக்க வேண்டியதில்லை.

பழைய கணிப்பொறிக்கும் ‘கற்கும்’ கணிப்பொறிக்கும் என்ன வேறுபாடு? பழையதற்கு நாம் விதியைச் சொல்லித்தர வேண்டும். யாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நேர், நிரை, தளை, தொடை எல்லாம் திட்டவட்டமான விதிகள். ஆகவே அவற்றை நிரலாக எழுதிவிடலாம். வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’ என்னும் மென்பொருள் பாடலை அசை பிரித்துப் பாவகை சொல்லும். அது எதையும் கற்பதில்லை. அதற்குச் சாதாரணக் கணிப்பொறியே போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதியால் முடிகிற வேலைக்குக் கற்கும் பொறியைக் கொண்டுவருவது வீண் செலவு. ஆனால் நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி பேசுவதைக் காதால் கேட்டு எழுதுவதற்கு விதி எழுத யாரால் முடியும்? அங்கேதான் கற்கும் பொறி வருகிறது. ஒலியையும் அதற்குரிய எழுத்தையும் ஆயிரக்கணக்கான முறை அதற்குக் காட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் அது ஊகிக்கிறது, தவறுகிறது, தவறிய அளவுக்குத் தனக்குள்ளே இருக்கும் கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. பாவில் இழைக்கு இழை இறுக்கம் பார்த்துச் சரிசெய்கிற கையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேறுபாடு, இங்கே இழைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய வேண்டும்.

ஒரே நேரத்தில் என்பதுதான் செலவுக்குக் காரணம். சாதாரணக் கணிப்பொறியின் மூளை மிகக் கெட்டிக்காரத்தனமான சில ஆட்களைக் கொண்டது. கிராபிக்ஸ் கார்டு என்னும் வரைகலை அட்டையோ எளிய கணக்கு மட்டுமே தெரிந்த ஆயிரக்கணக்கான ஆட்களை வரிசையாக உட்கார வைத்தது. பிள்ளைகளின் விளையாட்டுப் படங்களை வேகமாக வரைவதற்காகச் செய்யப்பட்ட அட்டை இது. 2012இல் கனடாவின் டொரொன்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்னும் மாணவர், கடையில் கிடைத்த இரண்டு விளையாட்டு அட்டைகளை, ஒவ்வொன்றும் 3 ஜிகாபைட் நினைவகம் உள்ளவை, தம் பெற்றோர் வீட்டில் தம் படுக்கையறைக் கணிப்பொறியில் பொருத்தினார். 12 இலட்சம் படங்களைக் காட்டி ஐந்தாறு நாள்கள் ஓடவிட்டார். படங்களை அடையாளங்காணும் போட்டியில் மற்றவர்களின் பிழை 26 விழுக்காட்டுக்கு மேல் இருந்தபோது இவர்களுடைய பிழை 15 விழுக்காட்டளவில் நின்றது. அவருடைய ஆசிரியர் ஜெஃப்ரி ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய செயற்கை அறிவுப் பெருக்கத்துக்கு வழி திறந்தது ஒரு வீட்டு அறை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தமிழுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் பன்மொழித் தொகுப்பு இணையத்தில் ஏறியபோது அதில் தமிழை ஏற்றுவதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி, அவர் ஆசிரியர், சிறுகதை எழுதியவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியதும் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். எவரும் பெரிய நிறுவனத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. இன்று கவிஞர்கள் கைப்பேசியில் தமிழ் எழுதுவது அந்த வீட்டு வேலைகளின் தொடர்ச்சியே.

கவிஞர்கள் கூடியிருக்கும் அவையாதலால் எழுத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்கிறேன். ‘அம்மா’ என்பதில் இலக்கணப்படி எழுத்து மூன்று. ஒருங்குறியில் அது ஐந்து குறிகள்: அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், கால். அந்த ஒவ்வொரு குறியும் கணிப்பொறியில் மூன்று பைட்டு இடத்தை அடைக்கிறது; ஆக ஓர் ‘அம்மா’வுக்குப் பதினைந்து பைட்டு. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் நான்கு பைட்டில் முடிந்துவிடும். மொழிக்கணிப்புப் பொறிகள் உரையைத் துண்டுதுண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. 2023இல் வெளியான லாமா 2 என்னும் பொறியின் துண்டுப் பட்டியலில் 32,000 துண்டுகள். தமிழுக்கு அதில் கிடைத்த இடம் மிகமிகச் சொற்பம். ஆகவே தமிழ்ச் சொல் அங்கே போனால் எழுத்தெழுத்தாகவும், சில வேளை எழுத்துக்குள்ளேயும் நறுக்கப்படும். அந்த ஆண்டு நவம்பரில் அபினந்த் பாலச்சந்திரன் என்னும் இளைஞர் அந்தப் பொறியுடன் 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்துத் ‘தமிழ் லாமா’வை வெளியிட்டார். எதுகை அடியின் இரண்டாம் எழுத்தில் அமைவது. துண்டையே பார்க்கிற பொறிக்கு இரண்டாம் எழுத்து எது என்பதே நேராகத் தெரியாது. பொறி எழுதும் வெண்பாவில் தளை தட்டுகிறது, எதுகை நழுவுகிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கலாம், ஆனால் அந்தக் குறைக்கு வெட்டுகிற முறை ஒரு முக்கியக் காரணம் என்பதையும் தெரிந்துகொண்டு சிரிக்கலாம்.

பொறி கவிதை எழுதிவிடுமோ என்பதுதான் இங்கே பலருடைய கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. என் கவலை வேறு. கரிசல் காட்டிலே ‘காடு’ என்றால் மரமடர்ந்த வனமா? புஞ்சை. “காட்டுல பருத்தி வெடிச்சிருச்சு” என்று நம் வீட்டில் ஒருத்தி சொன்னால் அது நல்ல செய்தி. கூலிக்கு ஆள் தேட வேண்டும் என்று பொருள். இந்தத் தொடரை ஒரு மொழிபெயர்ப்புப் பொறியில் நான் இட்டுப் பார்த்தபோது, வனத்திலே பருத்தி வெடிகுண்டு போல் வெடித்ததாக ஆங்கிலத்தில் வந்தது. நெசவாளருக்குத் ‘தார்’ என்பது ஊடை நூல் சுற்றியது. பொறிக்கு அது சாலை போடுகிற கரிய பொருள். ‘அச்சு’ நமக்குத் தறியில் பாவிழைகள் நுழைந்து வருவது, அதற்கு அச்சகம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டிய மாபெரும் பணி. அப்படியும் வட்டாரச் சொல் வெளியே நின்றது என்பதனால்தான் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கென்று தனியே ஓர் அகராதி தொகுக்க நேர்ந்தது. இப்போது அகராதியின் இடத்துக்குப் பொறி வருகிறது. அது எதை அறியவில்லையோ அதைப் பிழை என்று திருத்தும். பள்ளிப் பிள்ளையின் கட்டுரையில் ‘பருத்திமார்’ என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போடும். பிள்ளையும் சிவப்புக் கோட்டையே நம்பும்.

நம் வட்டத்தாரிடம் பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. தாலாட்டு, ஒப்பாரி, மழைக்கஞ்சிப் பாட்டு, பாவு போடுகிற தெருப்பேச்சு, பஞ்ச காலத்து நினைவுகள். சில ஒலிநாடாவில், பல கைப்பேசியில். பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை. இவற்றை எழுத்தாக்காவிட்டால் யாரும் தேடிப் படிக்க இயலாது. 2022 செப்டம்பரில் விஸ்பர் என்னும் ஒலியெழுத்துப் பொறியை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டு வளர்ந்தது. அதில் தமிழின் பங்கு மிகச் சிறியது. கரிசல் பேச்சின் பங்கைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அடித்தளம் அதில் இருக்கிறது. நம் பேச்சை நாமே அதற்குக் கூடுதலாகக் கற்பிக்க முடியும். அதற்கு எவ்வளவு பெரிய கணிப்பொறி வேண்டும்? இதற்குத்தான் கணக்குப் போட வந்தேன்.

விஸ்பரின் சிறிய வடிவத்தில் ஏறத்தாழ 24 கோடி எண்கள். பயிற்றும்போது ஓர் எண்ணுக்குப் பொதுவாகப் பதினாறு பைட்டு இடம் வேண்டும் என்று வைத்தால் நான்கு ஜிகாபைட்டுக்குள் முடியும். இடைக்கணக்குகளுக்கும் இடம்விட வேண்டும். நடுத்தர வடிவத்தில் 77 கோடி. அதற்குப் பன்னிரண்டு ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். ஆனால் 2021இல் வந்த ஒரு முறையில் எல்லா எண்களையும் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறு ஒட்டுத் துணியைத் தைத்து அதை மட்டும் திருத்துகிறார்கள். அப்படிச் செய்தால் நடுத்தர வடிவமும் பன்னிரண்டுக்குள் அடங்கும். ஆகவே நமக்கு வேண்டியது பன்னிரண்டு ஜிகாபைட் நினைவகமுள்ள வரைகலை அட்டை ஒன்று. 2021இல் வந்த என்விடியா 3060 அப்படிப்பட்டது. பெருங்கூடங்களில் இருக்கும் எச் 100 என்னும் அட்டை ஒன்றின் விலை பல இலட்சம் ரூபாய். இது புதிதாக வாங்கினாலும் அதில் மிகச் சிறு பங்குதான். பழைய சந்தையில் இன்னும் மலிவு. 2022 செப்டம்பரில் ஈத்தர் நாணயத்தைத் தோண்டும் முறை மாறியதும், அதற்காக வாங்கிக் குவித்திருந்த அட்டைகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்துவிட்டன. ஆனால் இரவுபகலாக ஓடிய அட்டையை வாங்குகிறவர் விசிறியைச் சுற்றிப் பார்த்து, ஒரு மணி நேரம் சுமை கொடுத்து ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். மாடு வாங்குகிறவனுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மற்றவை எளியவை. அலுவலகங்களில் கழித்த கணிப்பொறியின் பலகையும் மூளையும் போதும்; 32 ஜிகாபைட் நினைவகம், ஒரு டெராபைட் சேமிப்பகம். சிக்கனம் செய்யக் கூடாத இடம் ஒன்று உண்டு: மின்வழங்கி. பெயர் தெரியாத மலிவுப் பெட்டியை வைத்தால் அது போகும்போது மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போகும். 650 வாட் அளவில் நல்லது ஒன்று வேண்டும். மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ தேடி அலைந்தால் எல்லாம் சேர்த்து 60,000 முதல் 75,000 ரூபாய்க்குள் முடியும் என்பது என் மதிப்பு. 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியிருப்பதால் மேல்வரம்பையே கணக்கில் வையுங்கள். பெருங்கூடங்கள் வாங்கிக் குவிப்பதால் வந்த ஏற்றம் அது. பெரிய ஆலை பஞ்சை வாரிக்கொண்டு போனால் கைத்தறிக்காரன் நூலுக்குத் தவித்தது போல.

வெயிலும் புழுதியும் நம் ஊரின் தனி நிபந்தனைகள். சித்திரையில் நாற்பது பாகையைத் தாண்டும் நாளில் தகரக் கூரைக்கு அடியில் இதை ஓட்ட நினைக்காதீர்கள். அட்டையின் வெப்பம் எண்பது பாகையைத் தாண்டிச் சென்றால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு வரை ஓட்டலாம். 170 வாட் இழுக்கிற இந்த அட்டைக்கு 120 வாட் என்று வரம்பு கட்டினால் வேகம் சற்றே குறையும். வெப்பம் நன்றாகவே குறையும். கரிசல் புழுதி மாவு போன்றது. மாதம் ஒரு முறை தூரிகையால் துடைக்க வேண்டும். தரையில் வைக்கக் கூடாது.

மின்சாரக் கணக்கு நீங்கள் அஞ்சுவது போல் இல்லை. முழுப்பொறியும் 300 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 2.4 யூனிட், பதினைந்து இரவுகளுக்கு 36 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்று 2016இல் அரசு அறிவித்த சலுகையை நினைத்துப் பார்த்தால், சிறு குடும்பத்துக்கு இது பெருஞ்சுமை அன்று. தறிக்கென்று தந்த இணைப்பிலிருந்து மட்டும் இழுக்காதீர்கள். அது நெசவுக்கென்று கிடைத்தது. மின்சாரம் போய்விட்டால்? அரை மணிக்கு ஒரு முறை அதுவரை கற்றதைச் சேமிக்கும்படி நிரலில் எழுதிவிட வேண்டும். அறுந்த இழையை முடிந்து அங்கிருந்தே நெய்வதைப் போல, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதத்தை நானே சொல்லியாக வேண்டும். வாடகைக்கு எடுத்தால் இன்னும் மலிவு. இந்திய அரசின் செயற்கை அறிவு இயக்கத்தில் பெரிய அட்டைகளையே மணிக்கு நூறு ரூபாய்க்குள் தரப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். கூகுள் கோலாப் போன்ற இடங்களில் ஓரளவு இலவசமாகவே கிடைக்கிறது. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியில் இணையம் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். பதினைந்து இரவுகள் என்றால் 120 மணி நேரம். நூறு ரூபாய் என்றாலும் 12,000 ரூபாய்தான். எனவே, பணத்தை மட்டும் பார்க்கிறவர் வாடகைக்கே போக வேண்டும். தனிப்பட்ட சோதனைகளுக்கு நானும் அதையே பரிந்துரைக்கிறேன்.

ஆனால் இந்த ஒலிப்பதிவுகள் யாருடையவை? கணவனை இழந்த வீட்டில் ஒருத்தி பாடிய ஒப்பாரி அது. இன்னொருத்தி சொன்ன கதையில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சாதியும் சண்டையும் இருக்கின்றன. நம்மை நம்பி, நம் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். எங்கோ இருக்கிற கூடத்துக்கு அதை ஏற்றி அனுப்ப அவர்கள் சம்மதித்ததாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டால் சிலர் சரி என்பார்கள், சிலர் மாட்டார்கள், சிலரைக் கேட்கவே வழியில்லை. வீட்டில் ஒரு பொறி இருந்தால் ஒலி வெளியே போகாது. பேசியவர் வேண்டாம் என்றால் அழிக்கவும் முடியும். எனக்கு இந்த ஒரு காரணம் போதும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார்கள் என்பது கூடுதல் ஆதாயம்.

இனி உண்மையான உழைப்பு. பொறிக்குக் கற்பிக்க வேண்டுமானால் முதலில் சில மணி நேர ஒலியை மனிதர் கேட்டு எழுதியாக வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. பத்து மணி நேரப் பதிவுக்கு அறுபது மணி. இந்த அவையில் பத்துப் பேர் முன்வந்தால் ஆளுக்கு ஆறு மணி நேரம். ஒலியை முப்பது நொடிக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்க வேண்டும். இந்தப் பொறி ஒரு வேளைக்கு முப்பது நொடிதான் கேட்கும்.

எப்படி எழுதுவது என்பதில் நமக்குள் சண்டை வரும் என்று தெரியும். ‘வெடிச்சிருச்சு’ என்று எழுதுவதா, ‘வெடித்துவிட்டது’ என்று எழுதுவதா? புலவர் மரபில் வந்த மூத்தவர்கள் இரண்டாவதையே விரும்புவார்கள். அவர்களிடம் மரியாதையோடு மறுத்துச் சொல்கிறேன்: வாய் சொன்னதையே கை எழுத வேண்டும். திருத்தி எழுதினால் பொறியும் திருத்தவே கற்கும். நாம் அஞ்சுகிற சிவப்புக் கோட்டை நாமே வரைந்தவர்களாவோம். ஒருவர் ‘வெடிச்சிருச்சு’ என்றும் மற்றவர் ‘வெடிச்சிடுச்சு’ என்றும் எழுதினாலும் பொறி குழம்பும். எனவே எழுதத் தொடங்குமுன் ஒரு மாலை உட்கார்ந்து, வட்டார வினைமுடிவுகளுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். குற்றியலுகரம், ஈறுகெட்ட மூக்கொலி இவற்றையெல்லாம் எழுத்தில் எந்த அளவுக்குக் காட்டுவது என்பதை இங்கிருக்கும் தமிழாசிரியர்களைவிட நன்றாக யார் முடிவு செய்வார்கள்? அச்சடித்த புத்தகத்தில் பேச்சு வழக்கை எழுதிப் பழகிய சிறுகதையாளர்களும் இருக்கிறார்கள். கணிப்பொறி படித்தவர் இந்த வேலைக்கு ஒருவர் போதும். தமிழ் கேட்கத் தெரிந்தவர்கள்தான் பலர் வேண்டும்.

எழுதியதில் பத்தில் ஒரு பங்கைப் பொறிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அந்தப் பங்கைக் கேட்கவிட்டு, நூறு சொல்லில் எத்தனை தவறுகிறது என்று எண்ண வேண்டும். தவறு குறையவில்லையென்றால் அதையும் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சொல்லிவிடலாம்.

பொறியை வைக்க, ஜன்னல் இருபுறமும் உள்ள அறை ஒன்றைத் திருச்சுழியில் நண்பர் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செலவுக்கு ஒரு பங்கு நான் போடுகிறேன். ஒலிநாடா வைத்திருப்பவர்கள் அதை இயக்குகிற கருவியையும் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். நாடா உதிரத் தொடங்கியிருந்தால் சுற்றிப் பார்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். வினைமுடிவுப் பட்டியலை அன்றைக்கே போட்டுவிடலாம்.